நெல்லும் வைக்கோலும் ஒரே குளுக்கோசு: வெல்லங்கள் பிணையும் விதத்தை அட்டையும் ஈர்க்கும் வைத்துப் படிப்போம்

காலபோக அறுவடை முடிந்ததும் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களிலிருந்து நெல் மூட்டை மூட்டையாக வீட்டுக்குப் போகிறது, வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. இரண்டும் ஒரே பயிர். நெல்மணிக்குள் இருக்கும் மாப்பொருளும் வைக்கோலில் இருக்கும் செலுலோசும் குளுக்கோசு என்ற ஒரே வெல்லத்தால் ஆனவை. ஒன்று எங்களுக்குச் சோறு. மற்றதை எவ்வளவு மென்று விழுங்கினாலும் எங்கள் குடலால் அதிலிருந்து ஒரு குளுக்கோசைக்கூடப் பிரித்தெடுக்க முடியாது. ஒரு குளுக்கோசு அடுத்த குளுக்கோசை எந்தக் காபனால், எந்தப் பக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதுதான் இந்த வேறுபாட்டுக்கு முழுக் காரணம்.

உயர்தரத்தில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகள் இந்த இடத்தை முதல் தவணையிலேயே கடந்துவிடுகிறார்கள். "அல்பா 1,4, அல்பா 1,6, பீற்றா 1,4" என்று பாடமாக்கி, எழுதி, புள்ளியும் எடுத்துவிடலாம். ஆனால் அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று கையால் தொட்டுப் பார்த்தவருக்குப் பிறகு பாடமாக்க எதுவும் மிஞ்சாது. ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலைப் பிள்ளையும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியதாக இதை எழுதுகிறேன்.

வேண்டியவை: தடித்த அட்டை (சவர்க்காரப் பெட்டி, பழைய கொப்பி மட்டை போதும்), கத்தரிக்கோல், தென்னை ஈர்க்கு, நூல், பசை, இரண்டு நிறப் பேனை. சோதனைக்கு மருந்துக்கடையில் புண்ணுக்குப் போட விற்கும் பொவிடோன் அயடீன், கஞ்சித் தண்ணி, கொஞ்சம் பஞ்சு, ஒரு வெள்ளைப் பீங்கான்.

படி 1: வளையத்தை வெட்டி எண் போடுங்கள்

உள்ளங்கை அளவில் ஆறு அறுகோண அட்டைகள் வெட்டுங்கள். ஒரு அட்டையை மேசையில் வையுங்கள். ஒரு மூலை உங்கள் வலக்கைப் பக்கமும் அதற்கு நேர் எதிர் மூலை இடக்கைப் பக்கமும் வரவேண்டும். வலக்கை மூலைக்கு 1 என்று எழுதுங்கள். அதிலிருந்து உங்கள் பக்கமாக வந்து மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் 2, 3, 4, 5. இடக்கை மூலை 4 ஆக வந்தால் சரி. மிஞ்சும் ஆறாவது மூலை காபன் அல்ல, ஒட்சிசன். அதை வேறு நிறத்தால் குறியுங்கள்.

குளுக்கோசில் 6 காபன், 12 ஐதரசன், 6 ஒட்சிசன். வளையத்துக்குள் 5 காபன்தான் இருக்கின்றன. ஆறாவது காபன் 5 ஆம் காபனிலிருந்து வளையத்துக்கு வெளியே மேல்நோக்கி நிற்கிறது. அந்த மூலையில் துளை போட்டு, நீளமான ஈர்க்கு ஒன்றை மேற்பக்கமாக நிறுத்தி 6 என்று குறியுங்கள். இதை ஒழுங்காகச் செய்துவிடுங்கள். 1,6 பிணைப்பு வரும்போது பிள்ளைகள் தடுமாறுவது 6 ஆம் காபன் எங்கே என்று தெரியாததால்தான்.

இனி ஐதரொட்சில் கூட்டங்கள், அதாவது ஒரு ஒட்சிசனும் ஒரு ஐதரசனும் சேர்ந்த OH. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு ஈர்க்குத் துண்டு. 2 இல் கீழே, 3 இல் மேலே, 4 இல் கீழே. பசை வைத்து ஒட்டிவிடுங்கள். 1 ஆம் காபனின் ஈர்க்கை மட்டும் ஒட்டவேண்டாம். அது மேலும் கீழும் போய்வரத் துளையைச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள்.

வளையத்தைக் கிடையாக வைத்து மேல், கீழ் என்று காட்டும் இந்த வரைமுறை ஹேவர்த் என்ற ஆங்கிலேய வேதியியலாளரின் பெயரால் வழங்குகிறது. வெல்லங்களையும் உயிர்ச்சத்து சீயையும் ஆராய்ந்ததற்காக 1937 இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

படி 2: அல்பாவா, பீற்றாவா?

1 ஆம் காபனின் ஐதரொட்சில் கீழே இருந்தால் அல்பா குளுக்கோசு, மேலே இருந்தால் பீற்றா குளுக்கோசு. மற்ற எல்லாம் அப்படியே இருக்கும்.

அந்த ஈர்க்கை ஒட்டவேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் கரைந்த தனிக் குளுக்கோசின் வளையம் 1 ஆம் காபனில் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை மூடும்போதும் அந்த ஐதரொட்சில் மேலேயும் வரலாம், கீழேயும் வரலாம். அதனால் கரைசலில் இரண்டு வகையும் கலந்தே இருக்கும்: அல்பா ஏறத்தாழ 36 வீதம், பீற்றா ஏறத்தாழ 64 வீதம். ஆனால் 1 ஆம் காபன் இன்னொரு வெல்லத்தோடு பிணைந்த கணத்திலிருந்து இந்த மாற்றம் நின்றுவிடும். கீழே இருந்தபோது பிணைந்தால் கீழேயே, மேலே இருந்தபோது பிணைந்தால் மேலேயே. நெல்லும் வைக்கோலும் பிரியும் இடம் இதுதான்.

படி 3: முதல் பிணைப்பைப் போடுங்கள்

இரண்டு அட்டைகளிலும் 1 ஆம் காபனின் ஈர்க்கைக் கீழே தள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடப்பக்க அட்டையின் 1 உம் வலப்பக்க அட்டையின் 4 உம் எதிரெதிரே வரும். இரண்டு ஈர்க்கும் கீழேயே நிற்பதைப் பாருங்கள். ஒன்றைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, மற்றதை நூலால் இரண்டு மூலைகளுக்கும் பொதுவாகக் கட்டுங்கள்.

நடந்தது என்ன? இரண்டு ஐதரொட்சில்களிலும் சேர்த்து 2 ஒட்சிசன், 2 ஐதரசன் இருந்தன. அதில் 2 ஐதரசனும் 1 ஒட்சிசனும் ஒரு நீர் மூலக்கூறாக வெளியேறின. மிஞ்சிய ஒட்சிசன் இரு வளையங்களையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதுதான் கிளைக்கோசிடிக் பிணைப்பு. நீர் வெளியேறுவதால் இது ஒடுங்கல் தாக்கம் (condensation). கிடைத்த பொருள் மோல்ற்றோசு. முளைக்க வைத்த தானியத்தில் உண்டாகும் வெல்லம் இது.

பெயரிலுள்ள எண்களை இப்போது வாசியுங்கள். அல்பா 1,4 என்றால், முதல் வெல்லத்தின் 1 ஆம் காபன், கீழ்நோக்கிய நிலையில், அடுத்த வெல்லத்தின் 4 ஆம் காபனோடு பிணைந்திருக்கிறது. எந்தப் பிணைப்பைக் கண்டாலும் இதே வரிசையில் வாசித்தால் போதும்.

கணக்கும் இங்கேயே பிடிபட வேண்டும். ஒரு குளுக்கோசின் மூலக்கூற்றுத் திணிவு 180, நீரின் திணிவு 18. மோல்ற்றோசு 180 + 180 − 18 = 342. 100 குளுக்கோசு சேர்ந்த சங்கிலியில் பிணைப்புகள் 99, வெளியேறும் நீரும் 99. ஆகவே 18000 − 1782 = 16218. சங்கிலி கிளை விட்டிருந்தாலும் 99 தான், ஏனென்றால் புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு குளுக்கோசும் ஒரே ஒரு பிணைப்பைத்தான் கூட்டுகிறது. கிளையைக் கண்டவுடன் 100 என்று எழுதிப் புள்ளியை விடுகிற பிள்ளைகள் நிறையப்பேர்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போகக்கூடாது. நெற்பயிரின் கலத்துக்குள் இரண்டு குளுக்கோசு சும்மா முட்டி நீரை விட்டுப் பிணைவதில்லை. தண்ணீர் நிறைந்த கலத்தில் அந்தத் தாக்கம் தானாக அந்தத் திசையில் ஓடாது. குளுக்கோசு முதலில் ஒரு நியூக்கிளியோரைட்டோடு சேர்ந்து சக்தி ஏற்றப்படுகிறது. பிறகு நொதியம் (கலத்தில் தாக்கங்களை நடத்திவைக்கும் புரதம்) அதை எடுத்துச் சங்கிலியின் நுனியில் சேர்க்கிறது. இந்த வெல்ல நியூக்கிளியோரைட்டுகளைக் கண்டுபிடித்ததற்காக ஆர்ஜன்ரீனாவின் லூயிஸ் லெலோயிருக்கு 1970 இல் நோபல் பரிசு கிடைத்தது. நீர் வெளியேறுகிறது என்பது தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட்டுப் போடும் கணக்கு. கணக்காக அது சரி. நடக்கும் வழி வேறு என்பதை மனதில் வைத்திருங்கள்.

படி 4: சங்கிலியை நீட்டுங்கள், பிறகு அயடீன் விடுங்கள்

மூன்றாவது, நான்காவது அட்டையையும் அதே அல்பா 1,4 ஆகச் சேருங்கள். இதுபோல நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் நீளும் கிளையில்லாச் சங்கிலி அமிலோசு. எங்கள் மாப்பொருளில் பொதுவாக 20 முதல் 30 வீதம் அமிலோசு. உண்மை மூலக்கூறில் இந்தப் பிணைப்பின் கோணம் சங்கிலியை நேராக ஓடவிடாது. அது ஒரே பக்கமாக வளைந்து வளைந்து சுருளாகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 குளுக்கோசு.

அந்தச் சுருளைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் அது இருக்கிறது என்பதை வீட்டிலேயே காட்டலாம். பொவிடோன் அயடீனைத் தண்ணி விட்டு வெளிர்த் தேத்தண்ணி நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆறிய கஞ்சித் தண்ணியில் ஒரு துளி விடுங்கள். உடனே கரும் நீலம். அயடீன் சுருளின் உட்குழிவுக்குள் வரிசையாகப் போய் அமர்வதால் வரும் நிறம் அது. இப்போது அந்தக் கஞ்சியைச் சூடாக்குங்கள். நிறம் மங்கிப் போகும், ஏனென்றால் சூட்டில் சுருள் தளர்ந்து அயடீன் வெளியே வந்துவிடுகிறது. ஆறவிட்டால் நீலம் திரும்பும். (அளவுக்கு மிஞ்சிக் கொதிக்க விட்டால் அயடீன் ஆவியாகிப் போய்விடும். பிறகு நிறம் திரும்பாது.) இதைச் செய்து பார்க்காமல் விடாதீர்கள். ஒரு மூலக்கூறின் வடிவம் கண்முன்னே அவிழ்ந்து திரும்பவும் சுருள்வதை இத்தனை எளிதாகக் காட்டும் சோதனை வேறு எனக்குத் தெரியாது.

ஒடியல் மாவிலும் மரவள்ளித் துண்டிலும் ஒவ்வொரு துளி விட்டுப் பாருங்கள், நீலம் வரும். சீனிக் கரைசலில் வராது. பஞ்சிலும் வராது, அதன் காரணம் படி 6 இல். கொப்பித் தாளில் விட்டுப் பார்த்துக் குழம்பவேண்டாம். தாள் செலுலோசுதான், ஆனால் பல தாள்களுக்கு மெருகேற்ற மாப்பொருள் பூசியிருப்பார்கள், அது நீலமாகிவிடும். அயடீன் பட்ட எதையும் வாயில் வைக்கவேண்டாம். உடுப்பில் பட்டால் கறை.

படி 5: கிளை

சங்கிலியின் நடுவிலுள்ள அட்டை ஒன்றின் 6 ஆம் காபனை எடுங்கள், மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த நீள ஈர்க்கு. இன்னொரு அட்டையின் 1 ஆம் காபனை அதோடு கட்டுங்கள். அல்பா 1,6. அங்கிருந்து புதிய சங்கிலி தொடங்குகிறது, அது திரும்பவும் அல்பா 1,4 ஆகவே நீளும்.

மாப்பொருளின் மீதி 70 முதல் 80 வீதம் இப்படிக் கிளைவிட்ட அமிலோபெக்ரின். ஏறத்தாழ 24 முதல் 30 குளுக்கோசுக்கு ஒரு கிளை. எங்கள் ஈரலிலும் தசையிலும் சேரும் கிளைக்கோசனில் கிளைகள் இன்னும் நெருக்கம், 8 முதல் 12 குளுக்கோசுக்கு ஒன்று. காரணம் எளிது: குளுக்கோசைக் கழற்றும் நொதியம் சங்கிலியின் நுனியிலிருந்துதான் வேலை செய்யும். கிளை கூடினால் நுனி கூடும், ஒரே நேரத்தில் நிறையக் குளுக்கோசு கழரும். ஓடவேண்டிய உயிருக்கு அது தேவை. நெல்மணிக்கு அத்தனை அவசரம் இல்லை.

பழஞ்சோறு இறுகிப்போவதும் இந்த மூலக்கூறுகளால்தான். வெந்து தளர்ந்த அமிலோசுச் சங்கிலிகள் ஆறும்போது ஒன்றோடொன்று ஐதரசன் பிணைப்பால் (மூலக்கூறுகளுக்கிடையிலான வலுக் குறைந்த கவர்ச்சி) திரும்பவும் நெருங்குகின்றன. அப்படி இறுகிய பகுதியை நொதியம் எளிதில் வெட்டாது. கிளைக்கோசிடிக் பிணைப்பு அறவில்லை, புதிதாக வரவும் இல்லை. இரண்டு வகைப் பிணைப்பையும் குழப்பவேண்டாம்.

படி 6: அட்டையைக் கவிழுங்கள்

முழுக் கட்டுரையிலும் முக்கியமான படி இது. நூல்களை அவிழ்த்து, கழற்றிய ஈர்க்குகளைத் திரும்பப் பொருத்துங்கள். எல்லா அட்டைகளிலும் 1 ஆம் காபனின் ஈர்க்கை மேலே தள்ளுங்கள். இப்போது எல்லாம் பீற்றா குளுக்கோசு. இரண்டு அட்டைகளை முன்போலப் பக்கத்தில் வையுங்கள். இடப்பக்க அட்டையின் 1 இல் ஈர்க்கு மேலே, வலப்பக்க அட்டையின் 4 இல் ஈர்க்கு கீழே. சந்திக்கவில்லை.

வலப்பக்க அட்டையை எடுத்து, 4 இடப்பக்கமும் 1 வலப்பக்கமும் மாறாமல் இருக்கத்தக்கதாக, மேற்பக்கம் கீழே போகும்படி கவிழ்த்து வையுங்கள். இப்போது 4 இன் ஈர்க்கு மேலே வந்துவிட்டது. கட்டுங்கள். அடுத்த அட்டை நிமிர்ந்தபடி, அதற்கடுத்தது கவிழ்ந்தபடி. 6 ஆம் காபனைக் கவனியுங்கள்: ஒன்றில் மேலே, அடுத்ததில் கீழே, மாறி மாறி வரும். செலுலோசின் அடையாளம் இதுதான். வினாத்தாளில் படம் தந்தால் முதலில் 6 ஆம் காபனைப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் என்றால் அமிலோசு, மாறி மாறி என்றால் செலுலோசு.

இப்படி மாறி மாறிப் பிணைந்த சங்கிலி சுருளாது, நேராக நீளும். நேரான சங்கிலிகள் அருகருகே படுத்து ஆயிரக்கணக்கான ஐதரசன் பிணைப்புகளால் இறுகி நாராகின்றன. சுருள் இல்லாததால் அயடீனுக்கு இடமில்லை, அதனால்தான் பஞ்சு நீலமாகவில்லை. மாப்பொருளை வெட்டும் எங்கள் அமிலேசு அல்பா பிணைப்புக்குப் பொருந்திய நொதியம், பீற்றா 1,4 அதற்குள் பொருந்தாது. மாட்டுக்கும் செலுலோசை வெட்டும் நொதியம் சொந்தமாக இல்லை. அதன் இரைப்பையின் முதல் அறையில் வாழும் நுண்ணங்கிகள்தான் வைக்கோலின் செலுலோசை உடைக்கின்றன.

நந்திக்கடல் இறாலின் கோதும் இதே பீற்றா 1,4 சங்கிலிதான். அதன் பெயர் கைற்றின். 2 ஆம் காபனில் ஐதரொட்சிலுக்குப் பதிலாக நைதரசன் கொண்ட ஒரு கூட்டம் இருப்பது மட்டுமே வேறுபாடு.

படி 7: சீனி, பால், உழுந்து

சீனியின் சுக்குரோசில் குளுக்கோசின் 1 ஆம் காபன் பிரக்ரோசின் 2 ஆம் காபனோடு பிணைந்திருக்கிறது. வளையம் திறக்கக்கூடிய காபன்கள் இரண்டு வெல்லத்திலும் இவைதான், இரண்டுமே பூட்டப்பட்டுவிட்டன. அதனால் சுக்குரோசு தாழ்த்தா வெல்லம், பெனடிக்ற் கரைசலோடு செங்கட்டி நிறம் தராது. மோல்ற்றோசில் ஒரு 1 ஆம் காபன் மிஞ்சுவதால் அது தரும்.

இந்தப் பிணைப்பை உடைப்பவர்கள் வன்னியில் நிறைய. காட்டுத் தேனீ, பூவிலிருந்து எடுத்த சுக்குரோசைத் தன் நொதியத்தால் குளுக்கோசாகவும் பிரக்ரோசாகவும் பிரித்துத்தான் தேனாக்குகிறது. பனையில் முட்டி கட்டினால் மதுவமும் அதையே செய்து, கிடைத்த வெல்லங்களைக் கள்ளாக்கிவிடும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் மதுவம் வளராது, சுக்குரோசு உடையாமல் கருப்பணியாக இறங்கும். பனங்கட்டி காய்ச்ச வேண்டியது அதுதான்.

பாலின் இலக்ரோசு, கலக்ரோசும் குளுக்கோசும் பீற்றா 1,4 ஆகச் சேர்ந்தது. கலக்ரோசு அட்டை செய்ய விரும்பினால் 4 ஆம் காபனின் ஈர்க்கை மேலே மாற்றினால் போதும். உழுந்திலும் பயறிலும் சுக்குரோசோடு கலக்ரோசு அல்பா 1,6 ஆக ஒட்டிய ரஃபினோசு வகை வெல்லங்கள் உண்டு. கலக்ரோசின் அந்தப் பிணைப்பை வெட்டும் நொதியம் எங்கள் சிறுகுடலில் இல்லை. பெருங்குடலின் பற்றீரியா அவற்றை எடுத்துக்கொள்ள, வயிற்றில் வாயு உண்டாகிறது.

படி 8: உடைத்துப் பாருங்கள்

பிணையும்போது வெளியேறிய நீரைத் திரும்பக் கொடுத்தால் பிணைப்பு அறும். அதுதான் நீர்ப்பகுப்பு. அமிலத்தோடு சூடாக்கியும் செய்யலாம், நொதியத்தாலும் செய்யலாம். உங்கள் வாயிலேயே நொதியம் இருக்கிறது.

வாயைக் கொப்பளித்துவிட்டு உமிழ்நீரை ஒரு சிறு கிளாசில் எடுங்கள். ஆறிய கஞ்சித் தண்ணியை நன்றாக ஐதாக்கி அதில் விட்டுக் கலக்குங்கள். இன்னொரு கிளாசில் அதே கஞ்சியோடு வெறும் தண்ணி. வெள்ளைப் பீங்கானில் அயடீன் துளிகளை வரிசையாக வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கிளாசிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்து விடுங்கள். வன்னியின் பகல் வெக்கைக்கு நீர்த்தொட்டிச் சூடு தேவைப்படாது. தண்ணி விட்டது கடைசிவரை நீலம். உமிழ்நீர் விட்டது நீலத்திலிருந்து செங்கபிலமாகி, பிறகு அயடீனின் சொந்த நிறத்திலேயே நின்றுவிடும். நிறம் மாறாமல் இழுபட்டால் கஞ்சி தடிப்பாக இருக்கிறது, இன்னும் தண்ணி விடுங்கள்.

அமிலேசு வெட்டுவது அல்பா 1,4 ஐ மட்டும். அல்பா 1,6 கிளைச் சந்திகளை அது தொடாது. அந்தத் துண்டுகளையும் மோல்ற்றோசையும் குளுக்கோசாக்கும் நொதியங்கள் சிறுகுடற் சுவரில் இருக்கின்றன.

வெல்லம் வெல்லத்தோடு மட்டும் பிணைவதில்லை

மரவள்ளிக் கிழங்கில் லினமரின் என்ற பொருள் உண்டு. அதில் ஒரு குளுக்கோசு, சயனைட்டைக் கொண்ட வேறொரு மூலக்கூறோடு பீற்றா கிளைக்கோசிடிக் பிணைப்பால் சேர்ந்திருக்கிறது. கிழங்கை வெட்டும்போது கலங்கள் உடைந்து, அதுவரை தனியே இருந்த நொதியம் லினமரினைச் சந்தித்து அந்தப் பிணைப்பை உடைக்கிறது. குளுக்கோசு ஒரு பக்கம் போக, மற்றப் பகுதியிலிருந்து ஐதரசன் சயனைட்டு வெளிவருகிறது. அது நஞ்சு, ஆனால் சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும். ஆகவே கிழங்கைத் தோல் உரித்து, சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணியில் மூடாமல் அவியுங்கள். அவித்த தண்ணியை ஊற்றிவிடுங்கள், கறிக்கு எடுக்கவேண்டாம். கசக்கிற கிழங்கு வந்தால் அதை உண்ணாமல் விடுங்கள்.